காக்கிச் சட்டையில் கண்ணாடி

அன்புள்ள ஐயா,

போன வாரம் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸை பைக்கில் வந்த இரண்டு பேர் மறித்தார்கள். வழி விடவில்லை என்று டிரைவரைக் கன்னத்தில் அறைந்தார்கள். பஸ் முழுக்க ஆள். நான் செல்போனில் படம் எடுத்தேன். டிரைவர் இருக்கையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வைத்தால் இது நிற்குமா? (சில டிரைவர்களும் மரியாதையில்லாமல்தான் பேசுகிறார்கள்.)

செல்வம்

அன்புள்ள செல்வம்,

தடுப்பு வைக்கலாம், சரி. ஆனால் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பேச்சு எதற்கு? அறை வாங்கியவர் உங்களை என்ன சொன்னார்?

என் சித்தப்பா அரசு பஸ் டிரைவர். 1997-இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது சாதிக் கலவரம் மூண்டு, பஸ்கள் மீது கல் விழுந்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே அரசு எடுத்துவிட்டது. அந்த நாட்களில் ஓர் இரவு, சித்தி அவருடைய காக்கிச் சட்டையை வாசலில் உதறினார். சிமெண்டுத் தரையில் கல்கண்டு சிதறியதுபோலக் கண்ணாடித் துண்டுகள். கல் வருவதைப் பார்த்தும் அவர் முகத்தை மறைக்கவில்லை. "ஸ்டியரிங்க விட்டுட்டு எப்படிக் கையத் தூக்குறது? பின்னாடி அறுபது பேரு" என்றார்.

ரொம்ப நாளாக ஒன்று மனதை அறுக்கிறது. 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டப்படி பஸ் கண்ணாடியை உடைத்தால், சேதம் 100 ரூபாய் இருந்தாலே குறைந்தது 1 ஆண்டு சிறை, 5 ஆண்டு வரை போகலாம். வேலையிலிருக்கும் டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தால்? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 132. அதிகபட்சம் 2 ஆண்டு. வெறும் அபராதத்தோடும் விடலாம். காயம் பட்டால் பிரிவு 121, 5 ஆண்டு வரை உண்டு. அதிலும் அபராதம் மட்டும் போதும் என்று முடிக்கலாம். எலும்பு முறிகிற அளவுக்குப் போனால்தான் குறைந்தது 1 ஆண்டு. நூறு ரூபாய்க் கண்ணாடிக்குக் கிடைக்கிற அந்த 1 ஆண்டு, டிரைவருக்கு எலும்பு உடைந்த பிறகுதான் கிடைக்கிறது. இதை மாற்றச் சொல்லி யாராவது கேட்க வேண்டாமா?

படம் எடுத்தேன் என்கிறீர்கள். எடுத்து எங்கே அனுப்பினீர்கள், காவல் நிலையத்துக்கா, வாட்ஸப் குழுவுக்கா? எனக்குக் கோபமே வருகிறது. சித்தப்பாவின் வழக்கில் அந்த அறுபது பேரில் ஒருவர்கூடச் சாட்சிக்கு வரவில்லை. கண்டக்டர் மட்டும்தான் வந்தார்.

அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள், தம்பி. நாளைக் காலையில் டிப்போவுக்குப் போங்கள். அந்த டிரைவரைப் பார்த்து, அன்றைக்கு நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன், சாட்சி சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.