மைன்கிராஃப்ட் வீட்டுக்குச் சிங்கப்பூரில் என்ன விலை?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை ஆறில் படிக்கிறான். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறான். வெளிச்சுவரோடு சேர்த்து 20க்கு 15 கட்டம். சுற்றிலும் வேலி போட்ட தோட்டம், மொத்தம் 40க்கு 40. வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க வைரக் கட்டி. “அப்பா, இதைச் சிங்கப்பூரில் விற்றால் எத்தனை வெள்ளி கிடைக்கும்?” என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறான். நாங்கள் உட்லண்ட்ஸில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். இதற்கு உண்மையிலேயே கணக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். வீடுகளுக்கு விலை மதிப்பிடுவதுதான் என் தொழில். கட்டாத வீட்டுக்கு வரைபடத்தைப் பார்த்தே விலை சொல்கிறோம், உங்கள் மகன் கட்டியே முடித்துவிட்டான்.

அவன் மைன்கிராஃப்டைத் தேர்ந்தெடுத்தது நம் அதிர்ஷ்டம். அதில் ஒரு கட்டத்தின் நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு மீட்டர். வேறு பல விளையாட்டுகளில் இப்படி ஓர் அளவுகோல் கிடைக்காது. கதவின் உயரம் இரண்டு மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டு குத்துமதிப்பாக அளக்க வேண்டியதுதான்.

சரி, அளப்போம். 20க்கு 15 என்றால் ஒரு மாடிக்கு 300 சதுர மீட்டர். ஆனால் சுவரின் கனமும் ஒரு மீட்டர் அல்லவா? உள்ளே நடமாட மிஞ்சுவது 18க்கு 13, அதாவது 234 சதுர மீட்டர். பாக்கி 66 சதுர மீட்டரைச் சுவர் விழுங்கிவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மூவறை வீடே 60 முதல் 65 சதுர மீட்டர்தான். மாடிக்கு ஒரு மூவறை வீட்டைச் சுவருக்குத் தாரை வார்த்திருக்கிறான் பையன். அப்படியும் இரண்டு மாடியிலும் சேர்த்து 468 சதுர மீட்டர் இருக்கிறது. நான்கறை வீடு சுமார் 90 சதுர மீட்டர் என்பதால், உங்கள் வீட்டைப் போல ஐந்து உள்ளே அடங்கும்.

ஆனால் விலை இதில் இல்லை. தரைவீட்டுக்கு இங்கே முதலில் பார்ப்பது நிலத்தை. வேலிக்குள் இருப்பது 1,600 சதுர மீட்டர். குட் கிளாஸ் பங்களா என்கிறார்களே, இங்குள்ள தரைவீடுகளில் உயர்ந்த ரகம், அதற்குக் குறைந்தபட்ச நிலப்பரப்பு 1,400 சதுர மீட்டர். மகன் தாண்டிவிட்டான்! இரண்டு மாடி என்பதும் அந்த விதிக்குள் வருகிறது. ஆனால் அளவு மட்டும் போதாது, அதற்கென வரையறுத்த 39 வட்டாரங்களில் ஒன்றில் வீடு இருக்க வேண்டும். நசிம் சாலைப் பக்கம் உண்டு, உட்லண்ட்ஸில் இல்லை. ஆகவே வீட்டை எங்கே வைப்பது என்று முதலில் அவனே முடிவு செய்யட்டும். முகவரி இல்லாமல் என்னால் மட்டுமல்ல, யாராலும் விலை சொல்ல முடியாது.

விளையாட்டுக்கும் நம் ஊருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அங்கேதான். மைன்கிராஃப்ட் உலகம் பக்கத்துக்கு ஏறத்தாழ 6 கோடி கட்டம், அதாவது 60,000 கிலோமீட்டர். பூமியின் மொத்தப் பரப்பைப் போல ஏழு மடங்கு. சிங்கப்பூரோ சுமார் 735 சதுர கிலோமீட்டர். நிலம் தீரவே தீராத இடத்தில் நிலத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? அங்கே வீட்டின் மதிப்பு கல்லும் மரமும் கட்டிய நேரமும்தான். இங்கே நேர் எதிர். பழைய பங்களாவை வாங்கியவர் மறுமாதமே அதை இடித்துத் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்த பணம் மண்ணுக்கு.

நசிம் சாலையிலேயே வைத்துவிட்டான் என்று கொள்வோம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் அந்த வட்டாரத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை கிடைக்கும். நிலத்தின் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு என்று பாருங்கள். கணக்குக்காக 2,000 வெள்ளி என்று வைத்தால், 1,600 சதுர மீட்டர் என்பது சுமார் 17,222 சதுர அடி, விலை 3 கோடியே 44 லட்சம் வெள்ளிக்கு மேல். வாங்குபவர் முத்திரை வரி படிப்படியாக ஏறி, 30 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 6 விழுக்காடாகிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம். நீங்கள் குடிமகனாக இருந்து, உட்லண்ட்ஸ் வீட்டை விற்காமல் இதையும் வாங்கினால் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு, இன்னொரு 69 லட்சம். வரியைச் சொன்னதும் நச்சரிப்பு கொஞ்சம் குறையலாம்.

நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா என்பதும் முக்கியம். இதற்குச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் அட்டவணை ஒன்று உண்டு. சந்தையில் அதைப் ‘பாலா அட்டவணை’ என்பார்கள், நமக்குப் பழகிய பெயர்தான். நிரந்தர உரிமை நிலத்தின் மதிப்பு 100 என்றால் 99 ஆண்டு மீதமுள்ள குத்தகைக்கு 96, 60 ஆண்டுக்கு 80, 30 ஆண்டுக்கு 60. மைன்கிராஃப்ட் வீடு நிரந்தர உரிமை மாதிரி தோன்றும். நண்பனின் சர்வரில் கட்டியிருந்தால் அவன் அணைக்கும் நாள்வரைதான் குத்தகை.

வைரச் சுவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கட்டிக்கு ஒன்பது வைரம் தோண்டியிருப்பான், பாவம். ஆனால் சொந்த ரசனைக்குச் செய்த ரெனவேஷன் செலவு விலையில் அப்படியே திரும்பி வருவது அபூர்வம். அதுவும் நிஜ வைரமாக இருந்தால் கன மீட்டருக்கு மூன்றரை டன். தளம் தாங்குமா என்று எஞ்சினியரை வேறு கேட்க வேண்டும். நெதர் என்ற விளையாட்டின் இன்னோர் உலகத்துக்குப் போகும் வாசல் பக்கத்தில் இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பு கூடும். நெதருக்குள் ஒரு கட்டம் நடந்தால் வெளியே எட்டுக் கட்டம் கடந்ததாகிறது, எம்ஆர்டி நிலையம் மாதிரி.

விளையாட்டுக்குள்ளேயே விலை எழுதியிருந்தால் நாணயத்தை வெள்ளியாக மாற்றப் பார்க்காதீர்கள். என் அக்கா மகன் ஸ்கைரிம் என்ற இன்னொரு விளையாட்டின் வீட்டுக்கு இன்றைய தங்க விலையை வைத்துக் கணக்குப் போட்டு ஏதோ ஒரு பூதத் தொகையைக் கொண்டுவந்தான். அதைவிட வாடகையோடு ஒப்பிடலாம். அங்கே வைட்ரன் ஊரில் பிரீஸ்ஹோம் என்ற வீடு 5,000 காசு, விடுதி அறை ஓர் இரவுக்கு 10 காசு. ஐந்நூறு இரவு வாடகைக்கு ஒரு வீடே கிடைத்துவிடுகிறது, ஒன்றரை ஆண்டுகூட இல்லை. விடுதி அறையும் வீடும் ஒன்றல்ல, இருந்தாலும் ஒரு மதிப்புக்கு உதவும். நம் ஊரில் ஆண்டு வாடகை விலையில் 3 விழுக்காடு என்று வைத்தால், வீட்டு விலைக்கு 33 ஆண்டு வாடகை ஆகும். இத்தனைக்கும் பிரீஸ்ஹோம் ஊர் வாசலுக்கு அருகில், கொல்லன் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்தத்துக்காக நான் கொஞ்சம் கழிப்பேன்.

மகனுக்குக் கோடிக்கணக்கு பிடிபடாவிட்டால் வெளிச்சுவர் போக உள்ளே 9க்கு 10 கட்டத்தில் ஒரே தளமாக ஒரு வீடு கட்டச் சொல்லுங்கள். அது உங்கள் நான்கறை வீடு. வீவக இணையத்தளத்தின் மறுவிற்பனை விலைப் பகுதியில் உங்கள் வட்டாரத்தைத் தேடினால், எந்த மாடியில் எவ்வளவுக்கு விற்றது, குத்தகை எத்தனை ஆண்டு மீதம் என்று எல்லாம் வரும். உள்தடுப்புகளுக்கு மட்டும் முழுக்கட்டி வேண்டாம், மெல்லிய கண்ணாடிப் பலகை வைக்கட்டும். இல்லையென்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கழிவறையும் போட்ட பிறகு சமையலறைக்கு இடமிருக்காது.