அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்: கேள்வி பதில்

ரங்கூனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களைப் பற்றிப் பலர் கேட்டதற்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பெகு): ரத்ததானம் செய்யப் போனேன். சி வைரஸ் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமே இல்லையே அக்கா?

பதில்: பலருக்கு இப்படித்தான் தெரிய வருகிறது தம்பி. சி வைரஸ் இருபது முப்பது வருஷம் கூடச் சத்தம் காட்டாமல் கல்லீரலைக் கெடுக்கும். ஆனால் முதலில் எடுப்பது எதிர்ப்பொருள் சோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுவது. தானாகக் குணமானவருக்கும் அது பாசிட்டிவ் காட்டும். வைரஸின் மரபுச்சரத்தையே தேடும் ஆர்என்ஏ சோதனை எடுத்தால்தான் வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று தெரியும்.

கேள்வி (மோல்மேன்): சி-யில் பல வகை உண்டாமே?

பதில்: எட்டு வகை. வகைக்கு வகை மரபுச்சரத்தின் எழுத்துகளில் ஏறக்குறைய 30 சதவீதம் வித்தியாசம். இங்கே 1, 3, 6 மூன்றும் உண்டு. 6-ஆம் வகை தென்கிழக்கு ஆசியாவில் அதிகம். பர்மாவில் ரத்ததானம் செய்தவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, அதுவரை தெரியாத மூன்று உள்வகைகள் 6-இல் கிடைத்தன. அது 2004-இல் வெளியானது. முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி எத்தனை வாரம் என்பதை வகை பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். இப்போது சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த மாத்திரை எல்லா வகைக்கும் கேட்கிறது. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். வகை தெரியவில்லையே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (ரங்கூன்): எனக்கு பி. ரிப்போர்ட்டில் 'ஈ ஆன்டிஜென் நெகட்டிவ்'. வைரஸ் அடங்கிவிட்டது என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அண்ணே. ஈ ஆன்டிஜென் என்பது வைரஸ் பெருகும்போது உண்டாகி ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம். அது நெகட்டிவ் என்பதை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பி வைரஸின் மரபுச்சரத்தில் சுமார் 3,200 எழுத்துகள். படியெடுக்கும்போது பிழையைத் திருத்தும் வசதி அதற்குக் கிடையாது. அதனால் ஒரே ஆளின் உடம்பிலேயே மாறிக்கொண்டே போகும். சிலருக்கு 1896-ஆம் எழுத்து ஜி-யிலிருந்து ஏ ஆகிவிடும். வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி விழுந்த மாதிரி, ஈ ஆன்டிஜென் உண்டாவது அங்கேயே நின்றுபோகும். ஆனால் வைரஸ் பெருகுவது நிற்காது! ரிப்போர்ட் நெகட்டிவ், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் இப்படி இல்லை, சிலருக்கு நிஜமாகவே அடங்கியிருக்கும். எது உங்கள் நிலை என்று, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் டிஎன்ஏ அளவும், கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் ஏஎல்டி என்ற நொதியும் சேர்ந்துதான் சொல்லும். ஒரு தடவை ஏஎல்டி சரியாக இருந்தால் போதாது, அது ஏறி இறங்கும்.

கேள்வி (தட்டோன்): நான் கர்ப்பம், எனக்கு பி இருக்கிறது. குழந்தைக்கு?

பதில்: பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி, கிடைத்தால் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்பொருள் ஊசியும். டிஎன்ஏ அளவு அதிகமென்றால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம், வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். இப்போதே டாக்டரிடம் சொல்லிவையுங்கள் தங்கச்சி. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி (ரங்கூன்): பி-யோ சி-யோ இருப்பவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. சவர பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும்.