கோய் மீனின் வெள்ளை மஞ்சளாகிறது, சிவப்பில் கரும்புள்ளி விழுகிறது: போட்டிக்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: ஒட்டுசுட்டானில் 10 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள சீமெந்துத் தொட்டியில் 32 கோய் மீன்கள் (அழகுக்கு வளர்க்கும் நிறக் கெண்டை) வளர்க்கிறேன். எல்லாம் வெள்ளையில் சிவப்புள்ள கோஹாகு வகை, ஓரடிக்குக் கொஞ்சம் கூட. கிணற்றுத் தண்ணீர்தான். நிறத்துக்கென்று விற்கும் தீனியை நாலு மாதமாக மூன்று நேரமும் போடுகிறேன். சிவப்பு நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் தலையில் வெள்ளை மஞ்சளாகிறது, சிவப்பின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகளும் விழுகின்றன. தை மாதக் கடைசியில் கொழும்புப் போட்டிக்கு இரண்டு மீனாவது கொண்டுபோக வேண்டும். இப்போது ஐப்பசி. காலம் போதுமா ஐயா?

பதில்: போதும். மாரி மழை தொடங்குகிற நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள், அதுவே உங்களுக்குப் பெரிய உதவி.

மஞ்சளுக்குக் காரணம் தீனி. நிறத் தீனியில் உள்ள ஸ்பைருலினா (ஒருவகை நீலப்பச்சைப் பாசி) போன்றவற்றின் நிறச்சத்து சிவப்புக்குத் தேவையான அளவை மிஞ்சினால் வெள்ளையிலும் படியும். இன்றைக்கே நிறுத்துங்கள். 35 முதல் 38 வீதம் புரதமுள்ள சாதாரணத் தீனியைக் கொடுங்கள். கோஹாகுவில் வெள்ளை கெட்டால் சிவப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் எடுபடாது.

கரும்புள்ளி வேறு விஷயம். முதலில் விரலால் தடவிப் பாருங்கள். நூல்போல நீட்டிக்கொண்டிருந்தால் அது நங்கூரப் புழு, அதற்கு மருத்துவம் தனி. தோலுக்குள்ளே மட்டமாக இருந்தால் ஜப்பானியர் ‘ஷிமி’ என்று சொல்லும் புள்ளி. பரம்பரையும் காரணமாகலாம், ஆனால் சுண்ணாம்பு கூடிய கடின நீரும், உயர்ந்த பிஎச்சும் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) அதைத் தூண்டும். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா? படிந்தால் அந்தத் தண்ணீர்தான் மீனிலும் வேலை செய்கிறது.

மழைநீரைக் கலந்து கடினத்தைக் குறைக்கலாம். உங்கள் தொட்டி ஏறக்குறைய 9,000 லீற்றர் கொள்ளும். ஒவ்வொரு தடவையும் 900 லீற்றரை இறைத்துவிட்டு அதே அளவு மழைநீர் விட்டால், ஏழு தடவையில் கடினம் பாதியாகும். வாரம் இரண்டு தடவை போதும், அவசரப்பட வேண்டாம். 500 சதுர அடி ஓட்டுக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 2,000 லீற்றர் பிடிக்கலாம். முதல் மழையின் அழுக்கை ஓடவிடுங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய தகரக் கூரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கரைந்து வரும் நாகம் மென்னீரில் மீனின் செவுளைத் தாக்கும்.

பாதியோடு நிறுத்துங்கள். பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் காபனேற்று மழைநீரில் இல்லாததால் அளவு மிஞ்சினால் பிஎச் ஒரே இரவில் சரிந்து மீன் செத்து மிதக்கும். காபனேற்றுக் கடினம் 4 பாகைக்குக் கீழே போகாமல் சோதனைக் கீலத்தால் பாருங்கள். குறைந்தால் சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி வடிகட்டியில் போடுங்கள்.

இனி மீன்களின் எண்ணிக்கை. இந்தத் தொட்டியில் 32 என்பது மிக அதிகம். போட்டி மீனுக்கு ஆயிரம் லீற்றருக்கு ஒன்று என்று வையுங்கள், 9 மீன். வெப்பம் 30 பாகையில் பிஎச் 8.5 ஆக இருந்தால் மீன் கழிவிலிருந்து சேரும் மொத்த அமோனியாவில் ஐந்தில் ஒரு பங்கு நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 7.5 இல் அது 2.5 வீதந்தான். வன்னி வெயிலில் நெருக்கி வளர்த்தால் நோய் வரும் வழி இதுதான். ஒன்பது மீனுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் தீனியை நாலாகப் பிரித்துப் போடுங்கள். மணிக்கு 4,500 லீற்றராவது வடிகட்டிக்குள் சுற்ற வேண்டும்.

எந்த ஒன்பது? நீலப் பேசினில் ஒவ்வொன்றாக விட்டு மேலிருந்து பாருங்கள், நடுவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். முதலில் உடல்: தோள் அகன்று, வால் அடிவரை சீராக ஒடுங்கி, இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். வளைந்த முதுகு, குறைந்த செவுள் மூடி, வயிறு மட்டும் பருத்த மீன் உடனே கழிக்கப்படும். பிறகு வெள்ளை. அதன் பிறகுதான் சிவப்பின் வடிவம். தலையில் தொடங்கும் சிவப்பு கண்ணையும் மூக்கையும் மூடக்கூடாது, வால் செட்டைக்கு முன்னால் கொஞ்சம் வெள்ளை மிஞ்ச வேண்டும். சிவப்பின் பின்விளிம்பை நெருங்கிப் பாருங்கள்: செதில் செதிலாக வெட்டினதுபோல இருந்தால் நல்லது. முன்விளிம்பு மங்கலாகத் தெரிவது குற்றமில்லை, அங்கே வெள்ளைச் செதில் சிவப்பின் மேல் ஏறிக் கிடக்கிறது. சிவப்புக்காக ஆசைப்பட்டு உடல் கெட்டதை வைத்திருக்க வேண்டாம். மார்கழி முடிவில் புள்ளி மங்காத மீனையும் விட்டுவிடுங்கள். கழித்தவற்றை விற்கலாம், ஆனால் முத்தையன்கட்டுக் குளத்திலோ வேறு எந்தக் குளத்திலோ விடாதீர்கள்.

பயணத்துக்கு 5 நாள் முன்னதாகத் தீனியை நிறுத்துங்கள். ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள் இன்னொன்று, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஒட்சிசன். லீற்றருக்கு 3 கிராம் கல்லுப்பு, அயடீன் சேராதது. ரிஜிபோம் பெட்டியில் பையை வாகனத்துக்குக் குறுக்காகப் படுக்க வையுங்கள், பிறேக் போடும்போது மூக்கு இடிபடாது. வெயிலில் போவதானால் கடதாசியில் சுற்றிய ஐஸ் பைக்கு வெளியே. மீனை வலையால் தூக்கக்கூடாது. வலையால் பேசினுக்குள் ஒதுக்கி, தண்ணீரோடு பைக்குள் இறக்குங்கள்.

கொழும்பில் பையைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலப்பது ஆபத்து. பயணத்தில் மீன் விட்ட காபனீரொட்சைட்டு பிஎச்சைத் தாழ்த்தி வைத்திருக்கும். திறந்ததும் அது வெளியேறி பிஎச் ஏற, தேங்கிய அமோனியா நச்சாகும். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் மாற்றுங்கள்.

பதியும்போதே ஒன்று கேளுங்கள்: ஒவ்வொருவர் மீனுக்கும் தனித் தொட்டியா, எல்லார் மீனும் ஒன்றாகவா? ஒன்றாக என்றால் கோய் ஹேர்ப்பீஸ் வைரஸ் வரை எதுவும் தொற்றலாம். எப்படியிருந்தாலும், திரும்பிய மீனை வேறு தொட்டியில், வேறு வலையோடு 3 கிழமை வையுங்கள். முடிந்தால் அந்தத் தண்ணீர் 18 முதல் 28 பாகைக்குள் இருக்கட்டும், அந்த வெப்பத்தில்தான் வைரஸ் வெளிப்படும். செவுள் வெளிறுகிறதா, கண் குழிகிறதா என்று தினமும் பாருங்கள்.