காலையில் கைபேசியைத் தொடாமல் இருந்தால் உண்மையிலேயே வேலை அதிகம் நடக்குமா?

நடக்கும். ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே "இரண்டு முறை முயன்றேன், மூன்றாம் நாளே தோற்றுவிட்டேன், எனக்கு மன உறுதி இல்லையோ என்று தோன்றுகிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இதே சொற்களால் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தவள் நான். நீங்கள் தேர்வுக்குப் படிப்பவராகவோ, அலுவலகத்துக்குப் போகும் முன் சொந்த வேலை ஒன்றைச் செய்துவிடத் துடிப்பவராகவோ இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். காலையில் செய்வதற்கென்று ஒரு வேலை இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே வராது.

நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். குத்தாலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. டெல்டா மாவட்டங்களின் நடவுப் பாடல்களைப் பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். நடவு இயந்திரம் வந்தபின் இந்தப் பாடல்களை வயலில் கேட்பது அரிதாகிவிட்டதால், பாபநாசம் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்களைத் தேடிப் போய்ப் பாடச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவதற்கு எனக்குக் கிடைத்த நேரம் காலை நாலரை மணியிலிருந்து ஆறரை மணி வரைதான். ஆறரைக்குப் பிறகு சமையல், மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, அத்தைக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் என்று நாள் என் கையை விட்டுப் போய்விடும்.

நாலரைக்கு எழுந்துவிடுவேன், அதில் ஒருநாளும் குறையில்லை. கைபேசியில் அலாரத்தை நிறுத்துவேன், நிறுத்தும்போதே திரையில் நாத்தனாரின் காலை வணக்கப் படம் தெரியும், பதிலுக்கு ஒரு கைகூப்பு அனுப்பாவிட்டால் நன்றாக இருக்காதே என்று திறப்பேன், அதற்குக் கீழே வேறொரு குழுவில் யாரோ யாரையோ கண்டித்திருப்பார்கள், அது என்னவென்று பார்ப்பேன். மேசைக்கு வந்து உட்காரும்போது மணி ஐந்தேகால் ஆகியிருக்கும். சில நாள்களில் ஐந்தே முக்கால்.

எல்லோரும் சொல்லும் வைத்தியங்களையெல்லாம் செய்து பார்த்தேன். திரைநேரத்தைக் கணக்கிட்டுக் காட்டும் வசதியை 2018இல் கூகுளும் ஆப்பிளும் கொண்டுவந்தன அல்லவா, அதில் அரை மணி நேர வரம்பு வைத்தேன். வரம்பு முடிந்ததும் தோன்றும் அறிவிப்பைத் தள்ளிவிட்டு மேலே போவதற்கான பொத்தானும் அங்கேயே இருந்தது. செயலிகளை நீக்கினேன்; ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஏற்றினேன். கைபேசியை மேசையிலேயே கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைப்பதைப் பற்றி ஒரு செய்தி: 2017இல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், சிந்தனைப் பயிற்சிகள் செய்பவர்களின் கைபேசியை மேசையிலும், பையிலும், அடுத்த அறையிலுமாக வைத்துப் பார்த்தார்கள். அடுத்த அறையில் வைத்தவர்களே நன்றாகச் செய்தார்கள். பின்னர் அதே சோதனையைச் செய்த எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது கீழே வந்து அதைப் பிடித்துக்கொள்வார்கள். என் அளவில், கவிழ்த்து வைத்த கைபேசி நிமிர்த்தி வைத்ததைவிட அதிகமாக என்னைக் கூப்பிட்டது.

மாற்றம் வந்தது ஒரு பழைய மதிப்பெண் பதிவேட்டால். அதன் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. காலை ஆறரைக்குள் கைபேசியை எத்தனை முறை எடுக்கிறேன், எதற்காக எடுக்கிறேன் என்று ஒரு வாரம் அவற்றில் எழுதினேன். எடுப்பதற்கு முன்பே காரணத்தை எழுதிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மணி பார்க்க. கொல்லைப்புற விளக்கு எரியாததால் டார்ச் அடிக்க. அத்தை ராகுகாலம் கேட்டார். ஒரு சொல்லுக்குப் பொருள் தேட. பதிவைத் தொடர்ந்து கேட்க. மழை வருமா என்று பார்க்க. மறுபடியும் மணி பார்க்க. அந்த ஏழு நாள்களில் ஒருமுறைகூட "வேடிக்கை பார்க்க" என்று எழுத நேரவில்லை. எடுத்ததெல்லாம் நியாயமான காரணங்களுக்காகத்தான். கீழே வைத்தது மட்டும் இருபது நிமிடம் கழித்து.

அன்றிலிருந்து என் மன உறுதியை விசாரிப்பதை விட்டுவிட்டேன். கைபேசி என் வீட்டில் ஏழெட்டு உத்தியோகம் பார்க்கிறது. ஒவ்வொரு உத்தியோகத்துக்கும் வேறு ஆளைப் போட்டுவிட்டால், நாலரை மணிக்கு அதைக் கூப்பிட வேண்டிய தேவையே இராது என்று கணக்குப் போட்டேன்.

முதலில் கடிகாரம். பெரிய தெருவில் ஒரு கடையில், பென்சில் செல் போட்டு ஓடும் சிறிய அலாரக் கடிகாரம் வாங்கினேன். கடைக்காரர் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, பரிசு கொடுக்கவா என்று கேட்டார். வீட்டில் முதல் இரவு அதன் டிக் டிக் ஓசையால் என் கணவர் தூங்கவில்லை. ஒரு பழைய துண்டை நான்காக மடித்து அதற்கு அடியில் வைத்த பிறகு ஓசை அடங்கியது. அடுத்தது டார்ச், அது கொல்லைக் கதவின் ஆணியிலேயே தொங்குகிறது. ராகுகாலத்துக்குத் தினசரி காலண்டர். தாளைக் கிழிக்கும் வேலையை அத்தை தாமே எடுத்துக்கொண்டார். சொற்பொருளுக்கு அச்சு அகராதி. பாடல் பதிவுகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றி, இணைய இணைப்பில்லாத பழைய மடிக்கணினியில் கேட்கத் தொடங்கினேன்.

செய்திக்கு நாளிதழ் போடச் சொன்னேன். ஆறேகாலுக்கு வாசலில் விழும், பத்து நிமிடம் புரட்டுவேன், கடைசிப் பக்கம் வந்ததும் மடித்து வைத்துவிடுவேன். கைபேசியில் அந்தக் கடைசிப் பக்கம் கிடையாது. கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் அந்த முறையை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பிற்காலத்தில் அதற்காகத் தாம் வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

"அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் வயதானவர்கள் இல்லையா" என்று இங்கே கேட்கப்போகிறவர்களுக்கு: இருக்கிறார்கள். என் அப்பாவுக்கு 81 வயது, பாபநாசத்தில் தம்பியோடு இருக்கிறார். அதற்காகவே ஒரு பட்டன் போன் வாங்கி, அதன் எண்ணை நான்கே பேருக்குக் கொடுத்தேன். அது என் தலைமாட்டில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் விடிவதற்கு முன் மூன்று முறை ஒலித்திருக்கிறது. மூன்றும் உண்மையான அவசரங்கள். மற்ற கைபேசி இரவு ஒன்பதரைக்குக் கூடத்து அலமாரியில் சார்ஜில் ஏறும். காலை ஆறரைக்குத்தான் கீழே இறங்கும்.

இனி, வேலை அதிகம் நடந்ததா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்கக் கணக்கில் பெரிய மாயம் எதுவும் நிகழவில்லை. முன்பு ஒரு காலையில் ஒரு பாடலில் பாதியை எழுதினேன் என்றால், பிறகு ஒரு பாடலை முழுதாக எழுதினேன், அவ்வளவுதான். வேறுபாடு தெரிந்தது வேறோர் இடத்தில். ஒரு மூதாட்டியின் பாடலில் "முடியவிழ்த்து" என்று ஒரு தொடர் திரும்பத் திரும்ப வந்தது. கூந்தலை அவிழ்ப்பது என்று பொருள் கொண்டு, அவிழ்ந்த கூந்தல் துயரத்தின் அடையாளம் என்று பன்னிரண்டு வரியில் ஓர் அடிக்குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். கைபேசி அலமாரிக்குப் போன மூன்றாவது வாரம் ஒரு காலையில் அதே பதிவை நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாட்டுக்குப் பின்னால் சேற்றில் ஏதோ தொப்பென்று விழும் ஓசை முதன்முறையாகக் காதில் பட்டது. நாற்றுக்கட்டு. எங்கள் பக்கத்தில் நாற்றுக்கட்டை முடி என்றுதான் சொல்வோம். நாற்று முடியை அவிழ்த்து நடவு தொடங்குவதைத்தான் அந்த அம்மாள் பாடியிருக்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் "முடிநாறு" என்று வருவதை முதுகலையில் பாடம் கேட்டவள் நான். அதே நாற்றைத் தலைமயிராக்கி வைத்திருந்தேன். பன்னிரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, காபி குடிக்க எழுந்து போனேன்.

கைபேசியை அலமாரியில் வைத்ததால் ஞானம் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. நான்காவது முறை கேட்டதால்கூட அந்த ஓசை பிடிபட்டிருக்கலாம். ஆனால் முந்தைய மூன்று முறையும் அந்தப் பதிவைக் கேட்டபோது என் மனத்தின் ஒரு மூலையில் குடும்பக் குழுவின் சண்டை ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார்; அதைக் கவன எச்சம் என்று தமிழில் சொல்லலாம். விடிவதற்கு முன் படித்த ஒரு செய்திக்குப் பதில் அனுப்பாமல் வந்து உட்கார்ந்தால், அந்தப் பதிலை வாக்கியம் வாக்கியமாக மனம் தானே எழுதிக்கொண்டிருக்கும்.

இதில் நான் பட்ட அவமானத்தையும் மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் வீறாப்பாக, பள்ளிக்குப் போய்ச் சேரும்வரை கைபேசியைத் திறப்பதில்லை என்று வைத்திருந்தேன். அந்த நவம்பரில் ஒருநாள் இரவெல்லாம் மழை. கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம். குத்தாலமோ 2020இல் தனி மாவட்டமாகிய மயிலாடுதுறையைச் சேர்ந்தது. அன்று காலை மயிலாடுதுறை ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டார், எங்கள் மாவட்டத்தில் அறிவிப்பு இல்லை. மகள் வழக்கம்போலச் சீருடை அணிந்து கிளம்பியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. குடையையும் சாப்பாட்டுப் பையையும் பிடித்துக்கொண்டு, புடவை முழங்கால்வரை நனைய, எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் நின்றேன். கதவில் சங்கிலி. காவலர் ஒரு பையைக் குல்லாய்போலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, "லீவு விட்டாச்சே டீச்சர், போனப் பாக்கலியா?" என்றார். அன்று மாலைக்குள் இந்தச் செய்தி எல்லா ஆசிரியர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் ஆறரை என்ற எல்லையை வகுத்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்: முடியும் நேரத்தைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாளை ஊருக்கு முன்னால் அசடு வழியும்படி அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதோடு ஒரு மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன். எங்கள் பணியிடக் குழுவில் காலை ஐந்தேகாலுக்கெல்லாம் சுற்றறிக்கை வரும். உடனே ஒவ்வொருவராக "பெறப்பட்டது ஐயா" என்று போட வேண்டும். போட்டவர்களின் வரிசை கவனிக்கப்படும். 2014இல் வாட்ஸப்பில் நீல நிற டிக் வந்ததிலிருந்து, படித்தும் பதில் போடாதவர் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. நான் ஆறரைக்குப் போடத் தொடங்கிய பிறகு ஒரு கூட்டத்தில், "சிலர் ஆறரைவரை தூங்குகிறார்கள், எழுந்து குழுவைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்" என்று பெயர் குறிப்பிடாமல் சொல்லப்பட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நாலரைக்கு எழுந்து இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்தவளுக்குக் கிடைத்த பெயர் அது. அந்தச் சுற்றறிக்கைகளில் ஒன்றாவது ஒன்பது மணிக்கு முன் செய்தாக வேண்டிய வேலையாக இருந்ததா என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்றும் ஆறரைக்குத்தான் "பெறப்பட்டது" போடுகிறேன்.

இதெல்லாம் மேசை வேலை செய்பவர்களுக்கான பேச்சு என்பது எனக்குத் தெரியும். விடியற்காலை அழைப்பை நம்பி வண்டி ஓட்டுபவரிடமும், மூன்று மணிக்குப் பூவின் விலை கேட்டுக் கொள்முதல் செய்பவரிடமும் போய் நான் இதைச் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாயிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

எனக்கும் இது இன்னும் பழகிவிடவில்லை. சென்ற வாரம் படுக்கப் போகும்போது பார்த்தால் கடிகாரம் ஒன்பது மணியிலேயே நின்றுபோயிருந்தது, செல் தீர்ந்துவிட்டது. டி.வி. ரிமோட்டில் இருந்ததைக் கழற்றிப் பார்த்தேன், அது சிறிய அளவு, பொருந்தவில்லை. பட்டன் போனிலேயே அலாரம் வைக்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஓர் இரவுதானே என்று கூடத்து அலமாரியிலிருந்து கைபேசியை எடுத்து வந்து, அலாரம் வைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். நாலரைக்குச் சரியாக அடித்தது, நிறுத்தினேன். அடுத்து நான் மணி பார்த்தபோது ஐந்து ஐம்பது. நாத்தனார் ஊரில் நடந்த ஒரு வளைகாப்பின் நாற்பதாவது புகைப்படத்தில் இருந்தேன். அன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் நான்கு செல் வாங்கி, டார்ச் தொங்கும் ஆணியிலேயே ஒரு பையில் போட்டு மாட்டியிருக்கிறேன்.