கனவுக்குள் விழித்திருக்க அலாரம் எதற்கு?

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று கனவு காண்பவருக்குத் தெரிந்துவிடுவதுதான் லூசிட் ட்ரீம். தெளிகனவு என்று சொல்லலாம். இதைப் பழகுவது பற்றித் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: இரண்டு கிழமையாக விடிய மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழும்புகிறேன். தெளிகனவு ஒன்றும் வரவில்லை. பாடசாலையில் மூன்றாம் பாடத்துக்குள்ளேயே தலை கனக்கிறது. மூன்று பிள்ளைகளும் வேலையும் உள்ள என்னைப் போன்றவர்களுக்கு இது சரிவராதா? (ஆசிரியை, கிண்ணியா)

பதில்: சரிவரும். ஆனால் அலாரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். சுபஹ் தொழுகைக்கு எப்படியும் எழும்புகிறீர்கள். வேலைநாட்களில் இரவில் இன்னொரு விழிப்பைச் சேர்ப்பது உங்கள் தூக்கத்தைத்தான் தின்னும்.

எழும்புவதால் மட்டும் கனவு தெளியாது. நம் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்றின் கடைசியில் வருவது, கண்கள் இமைக்குள் வேகமாக அசையும் 'ரெம்' தூக்கம். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அங்கேதான். முன்னிரவில் அது பத்து நிமிடம் அளவில் முடிந்துவிடும், விடியப்புறத்தில் அரை மணித்தியாலத்துக்கும் மேல் நீளும். ஐந்து, ஆறு மணித்தியாலம் தூங்கிய பிறகு எழும்பி, மறுபடி படுக்கச் சொல்வது அதனால்தான். இரவு பத்தரைக்குப் படுத்து, அஞ்சு மணிக்குச் சற்று முன் தொழுகைக்கு எழும்புகிறவருக்கு அந்தக் கணக்குத் தானாகவே பொருந்துகிறது.

பாடசாலை நாட்களை விட்டுவிடுங்கள். சனியும் ஞாயிறும் போதும். சூரியன் உதித்த பிறகே மறுபடி படுப்பது உங்கள் வழக்கமானால் அதுவும் நல்லதுதான், ஒரு மணித்தியால விழிப்பு இதற்கு அதிகமில்லை. இடையில் பெரிய லைட்டையும் போனையும் தொடாதீர்கள். படுத்தபின் செய்ய வேண்டியது இதுதான்.

கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அது பிடிபடாவிட்டால் அண்மையில் கண்ட வேறு கனவு போதும். அதில் "இது நிசமாக இருக்க முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தைத் தேடுங்கள். உதாரணமாக, துறையடியில் பாதைப் படகுக்காகக் காத்து நிற்கிறீர்கள். ஆனால் படகுக்குப் பதிலாகக் கிண்ணியாப் பாலம் 2009 இலேயே திறந்தாயிற்று. கனவில் நிற்கும்போது அது உறைக்கவேயில்லை. இப்போது கண்ணை மூடி அதே துறையடிக்குப் போங்கள். படகின் கயிறு, ஈரப் பலகை, பக்கத்தில் நிற்கிறவரின் குடை எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு தலையைத் திருப்பி, "பாலம் இருக்கிறதே, பாதைப் படகு எங்கிருந்து வந்தது? இது கனவு" என்று அங்கேயே கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் என்ன செய்வீர்கள் என்பதையும் கொஞ்சம் ஓடவிடுங்கள். கூடவே, "அடுத்த முறை கனவு காணும்போது, இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே தூங்கிப்போங்கள்.

சந்தியைக் கண்டதும் "உப்பு வாங்க வேணும்" என்று ஞாபகம் வருகிறதே, அதே ஞாபகசக்திதான் இங்கேயும் வேலை செய்கிறது. ஆகவே அந்த வசனத்தைக் கிளிப்பிள்ளை போல ஐம்பது தடவை ஒப்புவித்துப் பலனில்லை. பொருளோடு பத்துத் தடவை சொன்னால் போதும். நினைப்பு திங்கட்கிழமைப் பாடக் குறிப்புக்கு ஓடினால் கோபப்படாமல் திருப்பி இழுத்துவாருங்கள்.

இந்த முறையை ஸ்டீவன் லாபேர்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்தார். 2017 இல் வெளியான அடிலெயிட் பல்கலைக்கழக ஆய்வில், இதைச் செய்து முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போனவர்களின் முயற்சிகளில் 46 வீதம் வரை தெளிகனவில் முடிந்தன. அந்த ஐந்து நிமிடம்தான் முக்கியம். முழுக்க விழிப்பு வந்து புரண்டுகொண்டு கிடந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்புவதும் இதே வாய்ப்புத்தான். அதற்கு மேல் இன்னொரு விழிப்பை மட்டும் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கனவே வருவதில்லையே. நான் எப்படிப் பழகுவது? (கச்சேரி லிகிதர், உவர்மலை)

பதில்: வருகிறது, எழும்பும்போது ஆவியாகிவிடுகிறது. கண் விழித்ததும் அசையாதீர்கள். எந்தப் பக்கம் சரிந்து கிடந்தீர்களோ அப்படியே கிடந்து, "இப்போது எங்கே இருந்தேன்?" என்று ஒரு நிமிடம் கேளுங்கள். படம் வராவிட்டால் உணர்ச்சியைக் கேளுங்கள். பயமா, அவசரமா, யாரையாவது தேடினேனா? அந்த நுனியைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் ஏதாவது அகப்படும். பிறகு தலைமாட்டில் உள்ள கொப்பியில் நாலைந்து சொல் எழுதுங்கள். "அம்மம்மா வீடு, கிணறு, உப்புத் தண்ணி, பிந்திப்போனேன்" என்றால் போதும். முழு வசனமாக எழுதத் தொடங்கினால் முதல் வரி முடியுமுன் மீதி போய்விடும். போனை எடுத்து நேரம் பார்ப்பதுதான் இதில் செய்யும் பெரிய பிழை. திரையில் ஒரு செய்தியைக் கண்டதும் கனவு கலைந்துவிடும்.

ஒன்றும் ஞாபகமில்லாத நாளில் "ஒன்றுமில்லை" என்று எழுதித் திகதி போடுங்கள். இரண்டு மூன்று கிழமையில், நாளுக்கு ஒரு கனவாவது நினைவில் நிற்கும் நிலை பலருக்கு வந்துவிடுகிறது. கொப்பியைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வரும் இடமும் ஆட்களும் தெரிவார்கள். மேலே சொன்ன துறையடி போன்ற அடையாளங்களை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. இரவில் குடிவகை எடுப்பவராக இருந்தால், முதல் பாதி இரவின் ரெம் தூக்கத்தை அது அமுக்கிவிடும். பின்னேரம் குடிக்கும் பிளேன்டீயைக் கொஞ்சம் நேரத்தோடு முடிப்பதும் நல்லது, உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும்.

கேள்வி: ஒரு நாளைக்கு நாற்பது தடவை கையைப் பார்த்து "இது கனவா" என்று கேட்கிறேன். கனவிலும் கையைப் பார்த்தேன், ஐந்து விரல்தான் இருந்தது! (ஓட்டோ சாரதி, அநுராதபுரச் சந்தி)

பதில்: கை சில நேரம் ஏமாற்றும். மூக்கைப் பிடியுங்கள். இரண்டு துளையையும் இறுக மூடி, வாயையும் மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கனவிலென்றால் பெரும்பாலும் காற்று தடையில்லாமல் உள்ளே போகும். அந்த அதிசயமே ஆளைத் தெளிய வைத்துவிடும். எழுத்துச் சோதனையும் நல்லது. ஒரு பெயர்ப்பலகையை வாசித்து, பார்வையை விலக்கி, மறுபடி வாசியுங்கள். கனவில் சொல் மாறியிருக்கும், அல்லது எழுத்துக் கலங்கும்.

நாற்பது தடவை தேவையில்லை. ஐந்தோ ஆறோ போதும், ஆனால் ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும். "இங்கே எப்படி வந்தேன்? அஞ்சு நிமிடத்துக்கு முதல் எங்கே நின்றேன்?" என்று கேட்ட பிறகு மூக்கைப் பிடியுங்கள். ஓட்டோவை நிறுத்தி ஆள் இறங்கியதும் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஒருபோதும் வேண்டாம்.

கேள்வி: இரவில் கடலுக்குப் போய்க் காலையில் வந்து, எட்டு எட்டரைக்குத்தான் படுக்கிறேன். பகல் தூக்கத்தில் இதெல்லாம் நடக்குமா? (கடற்றொழிலாளர், திருக்கடலூர்)

பதில்: நன்றாகவே நடக்கும். ரெம் தூக்கத்துக்கு உடல் மிகவும் சாய்வது காலை நேரத்தில்தான். அதனால் உங்களுக்கு ஐந்து மணித்தியாலம் காத்திருக்கும் கணக்குக்கூட வேண்டாம், முதல் தடவை படுக்கும்போதே துறையடிப் பயிற்சியைச் செய்யலாம். இடையில் சிறுநீர் கழிக்க எழும்பினால் அதையே இரண்டாவது வாய்ப்பாக எடுங்கள்.

உங்களுக்கு எதிரி வெக்கை. ரெம் தூக்கத்தில் உடல் தன் சூட்டைச் சரியாகக் கட்டுப்படுத்தாது. அறை கொதித்தால் அந்தத் தூக்கம்தான் முதலில் குறையும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பதினொரு மணிக்கு மேல் கனவு பிடிபடாமல் போவதில் வியப்பில்லை. படுக்குமுன் குளியுங்கள், வெயில் படாத பக்கத்து அறையில் பாயைப் போடுங்கள், ஃபேனை நேரே பிடியுங்கள், கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

கேள்வி: உயர்தரம் படிக்கும் மகன் இதைப் பழகத் தொடங்கிய பிறகு இரண்டு தடவை அமுக்குவான் அமுக்கியதாகச் சொல்கிறான். உடம்பை அசைக்க முடியவில்லையாம், நெஞ்சில் யாரோ இருந்தது போலவாம். பயமாக இருக்கிறது. (தாய், உப்புவெளி)

பதில்: பயப்பட வேண்டாம், அம்மா. ரெம் தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி நாம் எழும்பி ஓடிவிடாமல் மூளை தசைகளைத் தளர்த்திப் பூட்டிவைக்கிறது. சில நேரம் பூட்டுத் திறக்குமுன் மனம் விழித்துவிடும். அறை தெரியும், கை வராது, கனவின் மிச்சம் உருவமாக நிற்கும். சில வினாடியிலோ ஓரிரு நிமிடத்திலோ விட்டுவிடும். மூச்சை நிதானமாக விடச் சொல்லுங்கள், எழும்பப் போராடாமல் கால்விரல் ஒன்றை மட்டும் அசைக்க முயலச் சொல்லுங்கள். மல்லாந்து படுப்பதும் தூக்கக் குறைவும் இதைக் கூட்டும்.

அந்தப் பூட்டு கண்ணுக்கும் மூச்சுக்கும் இல்லை. 1975 இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் அலன் வோர்ஸ்லி என்பவர், முன்பே பேசிக்கொண்டபடி கனவுக்குள்ளிருந்து கண்ணை இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்டினார். கீத் ஹேர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். தெளிகனவு உண்மை என்பதற்குக் கிடைத்த முதல் ஆய்வுகூடச் சான்று அதுதான்.

ஆனாலும் மகன் இப்போது இரவில் எழும்பும் பயிற்சியை நிறுத்த வேண்டும். அந்த வயதுக்கு எட்டு மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும், பரீட்சையும் இருக்கிறது. கொப்பி எழுதட்டும், அது போதும். சிரிக்கும்போது முழங்கால் திடீரெனத் தளர்வது, பகலில் அடக்க முடியாத தூக்கம் வருவது போன்றவை இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எது கனவு, எது நிசம் என்று விழித்திருக்கும்போதே குழம்புகிறவர்கள் இந்தப் பயிற்சி பக்கமே போகக்கூடாது.

கேள்வி: தெளிகனவுக்கென்று இணையத்தில் விற்கும் கலன்டமின் குளிசை வாங்கலாமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: வேண்டாம். அது அல்சைமர் நோயாளருக்குக் கொடுக்கும் மருந்து. இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது.

கேள்வி: ஒருவழியாகத் தெளிந்தது. "கனவு!" என்று சந்தோசப்பட்டேன், உடனே முழிப்பு வந்துவிட்டது. (தாதி, சாம்பல்தீவு)

பதில்: முதல் சில தடவை பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கும். பறக்க ஓடாதீர்கள். முதலில் கனவுக் கைகள் இரண்டையும் உரசுங்கள், உள்ளங்கைச் சூட்டைக் கவனியுங்கள். பக்கத்துச் சுவரையோ மணலையோ தொட்டுப் பாருங்கள். ஒரே பொருளை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காமல் பார்வையை நகர்த்திக்கொண்டே இருங்கள். காட்சி மங்கினால் நின்ற இடத்திலேயே சுழலுங்கள். அரை நிமிடம் இப்படி ஊன்றிய பிறகு நடக்கத் தொடங்கலாம்.

அப்படியும் முழிப்பு வந்தால் கண்ணைத் திறக்காமல், அசையாமல், அதே இடத்தை நினைத்துக்கொண்டு கிடங்கள். சில நேரம் கனவு மறுபடி பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: "முழித்துவிட்டேன்" என்று உங்கள் கட்டிலில் எழும்பி உட்கார்வதே கனவாக இருக்கலாம். எழும்பியதும் மூக்கைப் பிடித்து ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்கள்.