ஆபீஸில் இன்சூரன்ஸ் இருக்கிறது, குடும்பத்துக்கு மானியம் உண்டா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் குடும்பங்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கம்பெனி இன்சூரன்ஸ் கொடுக்கிறது, ஆனால் மனைவி மக்களைச் சேர்த்தால் கட்டுபடியாகவில்லை. "கம்பெனி கொடுத்தால் மார்க்கெட்பிளேஸில் (தனியாக இன்சூரன்ஸ் வாங்குபவர்களுக்கான அரசு சந்தை) மானியம் கிடையாது" என்று யாரோ என்றோ சொன்னதை நம்பி, விண்ணப்பமே போடாமல் இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த முறை இதையே எடுத்துக்கொண்டேன். எண்கள் எல்லாம் 2026-க்கானவை.

கேள்வி: என் கணவரின் கம்பெனியில் அவருக்கு மட்டும் மாதம் 120 டாலர் பிடிக்கிறார்கள். என்னையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் 1,050. ஆண்டு வருமானம் 90,000. 2021-இல் கேட்டபோது எங்களுக்கு மானியம் கிடையாது என்றார்கள். இன்னும் அப்படித்தானா? (ஐர்விங், டெக்சாஸ்)

பதில்: இல்லை, மாறிவிட்டது. 2013-இல் வரித்துறை எழுதிய விதிப்படி, ஊழியர் ஒருவருக்கு ஆகும் பிரீமியத்தை மட்டும் பார்த்தார்கள். அது கட்டுபடியாகும் என்றால் மொத்தக் குடும்பத்துக்கும் கட்டுபடியாகும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஃபேமிலி கிளிட்ச் என்று இதற்குப் பெயரே வைத்தார்கள். கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷன் கணக்குப்படி 51 லட்சம் பேர் இதில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். 2022 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள், 2023 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இப்போது கணவருக்குத் தனிக் கணக்கு, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு. வருமானத்தில் 9.96 சதவீதம்தான் எல்லை. 90,000-க்கு அது மாதம் 747 டாலர். கணவரின் 120 அதற்குள் அடங்குகிறது, எனவே அவருக்கு மானியம் இல்லை. குடும்பத்துக்கான 1,050 எல்லையைத் தாண்டுகிறது, எனவே உங்கள் மூவருக்கும் வாசல் திறக்கிறது.

ஆனால் வாசல் திறந்தாலே லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். இதைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். நான்கு பேர் குடும்பம் 90,000 சம்பாதித்தால், அரசு கணக்குப்படி உங்கள் பங்கு வருமானத்தில் சுமார் 9.35 சதவீதம், மாதம் 701 டாலர். கணவர் வெளியே 120 கட்டுகிறாரே என்று அதில் ஒரு டாலரும் குறைக்க மாட்டார்கள். உங்கள் ஊரில் இரண்டாவது மலிவான சில்வர் (நடுத்தர வகை) திட்டத்தின் விலையில் உங்கள் பங்கு போக மிச்சம்தான் மானியம். அந்தத் திட்டம் மூவருக்கும் 1,000 என்று வைத்துக்கொள்வோம். மானியம் 299. நீங்கள் கட்டுவது 701, கணவரின் 120-ஐச் சேர்த்தால் 821. பழைய 1,050-உடன் ஒப்பிட்டால் மாதம் 229 மிச்சம் போலத் தெரியும்.

இனி பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். கம்பெனி இன்சூரன்ஸுக்குப் பிடிக்கும் பணம் பெரும்பாலும் வரிக்கு முன்பே பிடிக்கப்படுகிறது. மார்க்கெட்பிளேஸில் கட்டுவதோ வரி கட்டியபின் கையில் மிஞ்சும் பணம். குடும்பத்துக்காகக் கூடுதலாகப் பிடிக்கும் 930 டாலருக்கு 12 சதவீத வருமான வரியும் 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் மிச்சமாகின்றன. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. ஆக அந்த 930-இன் உண்மையான சுமை 750-க்கும் சற்றுக் குறைவு. 701-க்கும் அதற்கும் 50 டாலர் வித்தியாசம்கூட இல்லை. அந்தத் தொகைக்காக வீட்டில் இரண்டு திட்டம், இரண்டு டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை), இரண்டு டாக்டர் பட்டியல் வேண்டுமா என்று யோசியுங்கள். பிள்ளைகளின் டாக்டர் புதிய திட்டத்தில் இல்லை என்றால் நான் உங்களைப் போகச் சொல்ல மாட்டேன்.

லாபம் வரவும் வழி உண்டு. கணவர் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் கூடுதலாக 10,000 போட்டால் கணக்கில் வரும் வருமானம் 80,000 ஆகும், உங்கள் பங்கு மாதம் சுமார் 560-க்கு இறங்கும், சில்வர் எடுத்தால் டிடக்டிபிளும் கொஞ்சம் குறையும். அப்புறம் ஒன்று. நீங்கள் சொன்ன 90,000 என்பது அந்த 930-ஐப் பிடிக்காத நிலையில் வரும் வருமானம் என்று எடுத்துக்கொண்டுதான் இதையெல்லாம் போட்டேன். பிடித்தபின் வருவது என்றால், கம்பெனித் திட்டத்தை விட்டதும் வருமானம் ஆண்டுக்கு 11,160 கூடிவிடும். அதையும் சேர்த்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே வருமானம், இரண்டு பிள்ளைகள். நாங்கள் இருப்பது நியூஜெர்சி எடிசனில். கணக்கு ஒன்றுதானே?

பதில்: இல்லை. நியூஜெர்சியில் வறுமைக்கோட்டின் 355 சதவீதம் வரை பிள்ளைகளுக்கு என்ஜே ஃபேமிலிகேர் என்ற மாநில அரசு இன்சூரன்ஸ் உண்டு. 90,000 வருமானத்தில் உங்கள் பிள்ளைகள் அதற்குள் வந்துவிடுவார்கள். ஃபேமிலிகேருக்குத் தகுதியுள்ள பிள்ளைக்கு மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடையாது. மிஞ்சுவது மனைவி ஒருவர்தான். அவருக்கு மட்டும் சில்வர் திட்டம் 500 டாலர் என்றால், உங்கள் பங்கான 701-ஐவிட அது குறைவு. மத்திய மானியம் பூஜ்யம். ஆனாலும் பிள்ளைகள் ஃபேமிலிகேருக்குப் போய்விட்டால், கம்பெனியில் "ஊழியர், மனைவி" என்ற இரண்டு பேர் திட்டத்தின் விலை என்ன என்று கேளுங்கள். உங்களுக்கு லாபம் அங்கேதான் இருக்க வாய்ப்பு. டெக்சாஸில் பிள்ளைகளுக்கான இந்த எல்லை 200 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால்தான் முதல் கேள்விக்கு வேறு பதில்.

கேள்வி: கம்பெனி பிரீமியம் எவ்வளவு என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். கம்பெனி ஆண்டுதோறும் தரும் டபிள்யூ-2 சம்பளத் தாளில் 12-ஆம் கட்டத்தில் டிடி என்று ஒரு தொகை இருக்கிறதே, அதைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அது கம்பெனி கட்டியதும் நீங்கள் கட்டியதும் சேர்ந்த மொத்தம். நீங்கள் எந்தத் திட்டத்தில் சேர்ந்தீர்கள் என்பதும் இங்கே முக்கியமில்லை. செலவில் குறைந்தது 60 சதவீதத்தை ஏற்கும் திட்டங்களில் மிக மலிவானது எது, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. எம்ப்ளாயர் கவரேஜ் டூல் என்ற படிவத்தை ஹெல்த்கேர்.கவ் தளத்தில் இருந்து இறக்கி எச்ஆரிடம் கொடுத்து நிரப்பி வாங்குங்கள். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த படிவத்தில் ஊழியருக்கான தொகை மட்டும் அழகாக எழுதியிருந்தது, குடும்பத்துக்கான இடம் காலி. அந்தக் காலி இடத்தில்தான் அவர் மனைவிக்கான மானியம் இருந்தது. இரண்டு தொகையும் இல்லாமல் எச்ஆர் மேசையைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

கேள்வி: மனைவிக்கும் வேலை, அவர் கம்பெனியிலும் இன்சூரன்ஸ் உண்டு. யாருடைய கணக்கைப் பார்ப்பார்கள்?

பதில்: இரண்டையும். மனைவிக்கு அவர் கம்பெனியில் அவருக்கு மட்டுமான பிரீமியம் எல்லைக்குள் இருந்தால் அவருக்கு மானியம் இல்லை. பிள்ளைகளுக்கு இரண்டு கம்பெனிகளில் ஏதாவது ஒன்றின் குடும்பத் திட்டம் எல்லைக்குள் இருந்தாலே போதும், மானியம் போய்விடும்.

கேள்வி: நான்கு பேர் குடும்பம். வருமானம் 127,000, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மானியத்தோடு திட்டம் எடுத்திருக்கிறோம். ஊரில் என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான) டெபாசிட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வட்டி வருகிறது. அது வரியில்லாத வட்டிதானே?

பதில்: இந்தியாவில் வரியில்லை. அமெரிக்காவில் ரெசிடென்ட்டாக வரி கட்டுபவருக்கு அது வருமானம்தான், மானியக் கணக்கிலும் வரும். உங்கள் விஷயத்தில் இது சாதாரணம் இல்லை. 2021-இல் கொண்டுவந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. வறுமைக்கோட்டின் 400 சதவீதம் என்ற பழைய உச்சவரம்பு திரும்ப வந்துவிட்டது. நான்கு பேர் குடும்பத்துக்கு அது 128,600 டாலர். 3 லட்சம் ரூபாய் என்றால் 3,000 டாலருக்கு மேல். சேர்த்தால் 130,000-ஐத் தாண்டுகிறீர்கள். ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் முழுவதும் போகும். மாதாமாதம் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதற்கு முன்பெல்லாம் சில வருமானங்களுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 முதல் அதுவும் இல்லை. அத்தனையையும் வரி தாக்கல் செய்யும்போது 8962 படிவத்தில் திருப்பிக் கட்ட வேண்டும்.

பயப்பட வேண்டாம், ஆண்டு முடிவதற்குள் சரிசெய்யலாம். 401(கே)-யைக் கூட்டுங்கள். மனைவி, பிள்ளைகள் எடுத்திருப்பது வெண்கல (Bronze) திட்டம் என்றால் 2026 முதல் எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடலாம். குடும்பத்துக்கு எல்லை 8,750 டாலர், அதில் பாதி போட்டாலே வரம்புக்குள் வந்துவிடுவீர்கள். ஊரில் வாடகை வருகிறதா, பழைய பங்கு விற்றீர்களா, அதையும் இப்போதே எடுத்து வைத்து எண்ணுங்கள்.

கேள்வி: அப்பா, அம்மா கிரீன் கார்டில் வந்து ஓராண்டு ஆகிறது. இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டவில்லை. என் கம்பெனியில் பெற்றோரைச் சேர்க்க முடியாது. அவர்களுக்கு வருமானம் இல்லை.

பதில்: கம்பெனியில் சேர்க்கவே முடியாது என்பதால் உங்கள் கம்பெனி இன்சூரன்ஸ் அவர்களுக்குத் தடையே இல்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் கிரீன் கார்டு வந்து 5 ஆண்டு ஆகும்வரை மெடிகெய்ட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) கிடைக்காது. முன்பு அப்படிப்பட்டவர்களுக்கு வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடைத்தது. 2026 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. அவர்கள் தனியாக வரி தாக்கல் செய்தால், இருவருக்கும் சேர்த்து 21,150 டாலராவது வருமானம் காட்ட வேண்டும். அப்பாவின் இந்தியப் பென்ஷனும் வீட்டு வாடகையும் அதில் சேரும்.

வருமானமே இல்லை என்றால், நிபந்தனைகள் பொருந்தும் பட்சத்தில் உங்கள் வரித் தாக்கலில் அவர்களை டிபெண்டன்ட்டாகச் சேர்ப்பது நல்லது. நீங்கள் நான்கு பேர் என்றால் குடும்பம் ஆறு பேர் ஆகும், உச்சவரம்பு 172,600-க்கு ஏறும். நீங்கள் 150,000 சம்பாதித்தால் உங்கள் பங்கு மாதம் 1,245. அறுபதை நெருங்கும் இருவருக்கு சில்வர் திட்டம் 2,200 என்றால் 955 டாலர் மானியம். பெரியவர்களுக்கு பிரீமியம் அதிகம் என்பதால் அவர்கள் விஷயத்தில்தான் இந்த மானியம் உண்மையிலேயே கை கொடுக்கிறது.

கேள்வி: போன வாரம் வேலை போய்விட்டது. கோப்ரா (வேலை போனபின்னும் சொந்தச் செலவில் பழைய கம்பெனி இன்சூரன்ஸைத் தொடரும் வசதி) தாள் வந்திருக்கிறது. அது வந்தாலே மானியம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: தாள் வந்ததால் போகாது. கோப்ராவில் சேர்ந்தால்தான் அந்த மாதங்களுக்கு மானியம் இல்லை. கம்பெனி கவரேஜ் முடிந்த நாளில் இருந்து 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸில் சேரலாம். கோப்ராவைத் தேர்ந்தெடுக்கவும் உங்களுக்கு 60 நாள் உண்டு, தேர்ந்தெடுத்தால் முன்தேதியிட்டு அமலாகும். எனவே அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே பணம் கட்டாதீர்கள், தேதியை மட்டும் எழுதி வையுங்கள். எச்-1பி வேலை விசா என்றால் விசாவுக்கும் 60 நாள்தான், ஆனால் அது வேலை முடிந்த நாளில் இருந்து எண்ணுவது. இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நினைக்காதீர்கள். வருமானம் என்று போடும்போது இந்த ஆண்டு ஜனவரியில் இருந்து வாங்கிய சம்பளமும் கணக்கில் வரும்.

கேள்வி: நான் எச்-4 (எச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா), கணவர் எச்-1பி. எனக்கும் இங்கேயே பிறந்த மகளுக்கும் மானியத்தோடு திட்டம் இருக்கிறது. அடுத்த ஆண்டு இது நின்றுவிடும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

பதில்: உங்களுக்கு உண்மை, மகளுக்கு இல்லை. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டப்படி, 2027 ஜனவரி 1 முதல் குடிமக்கள் அல்லாதவர்களில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இன்னும் சில குறிப்பிட்ட பிரிவினருக்கும் மட்டுமே மானியம். எச்-1பி, எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 விசாக்காரர்கள் எல்லாம் வெளியே. முறையாக வந்து, வரி கட்டி வாழும் குடும்பங்களுக்கு இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். மானியம் இல்லாமல் முழு விலைக்கு நீங்கள் திட்டம் வாங்கலாம், அதற்குத் தடை இல்லை. அமெரிக்கக் குடிமகளான மகளுக்குத் தகுதி தொடர்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது தேதி. பல கம்பெனிகளில் அடுத்த ஆண்டுக்கான ஓபன் என்ரோல்மென்ட் (இன்சூரன்ஸில் சேர, மாற்ற அனுமதிக்கும் காலம்) அக்டோபர், நவம்பரில் இரண்டு வாரம்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, ஜனவரியில் "மானியம் போய்விட்டது, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் கம்பெனி மறுத்துவிடலாம். கணவரை இந்த வாரமே எச்ஆருக்கு எழுதி, அந்தத் தேதியையும் உங்களைச் சேர்த்தால் ஆகும் தொகையையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.