வாசகர் கேள்வி–பதில்: மலாயாவில் யாழ்ப்பாணத்தாரும் தோட்டத் தமிழரும்

கேள்வி: எனது பூட்டனார் 1912ஆம் ஆண்டளவில் மலாயாவுக்குச் சென்று, புகையிரத இலாகாவில் கிளாக்கராக இருந்து, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர். எங்கள் நாற்சார் வீடு அவர் அனுப்பிய பணத்தில் எழுந்தது. அண்மையில் மலேசியாவுக்குச் சென்றிருந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து றப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதைக் கண்டேன். மொழி ஒன்று, சமயம் ஒன்று, போன காலமும் ஏறத்தாழ ஒன்று. எம்மவரின் படிப்பார்வமும் சிக்கனமுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று எங்கள் வீட்டில் சொல்லி வருகிறோம். அது சரிதானா?
– ஒரு வாசகர், மானிப்பாய்

பதில்: உங்கள் பூட்டனாரின் படிப்பார்வத்தையும் சிக்கனத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை மட்டும் வைத்து இரண்டு சமூகங்களுக்கு இடையிலான இடைவெளியை விளக்க முற்பட்டால், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய ஒருவருக்கு உழைப்பும் சிக்கனமும் இல்லை என்று சொன்னதாகிவிடும். அது உண்மையும் இல்லை, நியாயமும் இல்லை. இரு சாராரையும் யார் அழைத்தார்கள், எந்த வேலைக்காக அழைத்தார்கள், எத்தகைய நிபந்தனைகளின் கீழ்க் கப்பல் ஏற்றினார்கள் என்பதிலிருந்தே இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். அதற்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் இந்துக் கல்லூரியும் எழுந்தது. இவ்வாறு மிஷன்களும் அவற்றோடு போட்டியிட்ட சைவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஆங்கிலம் கற்ற இளைஞர் கூட்டத்துக்கு இலங்கைக்குள் போதிய உத்தியோகங்கள் இருக்கவில்லை. அதே வேளையில் 1874இல் மலாய் அரசுகளில் ஒன்றான பேராக்கில் ஆங்கிலேயர் காலூன்றினர். அங்கே சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் முதல் ரெசிடென்ட்டாக அமர்த்தப்பட்ட பேர்ச் என்பவர் அதற்கு முன் நெடுங்காலம் இலங்கையில் பணியாற்றியவர். இலங்கையில் ஆளணியைப் பழகியிருந்த அதிகாரிகளும் பொறியியலாளரும் நில அளவை, பொது வேலைகள், புகையிரதம் ஆகிய பகுதிகளுக்குத் தாம் அறிந்த யாழ்ப்பாண இளைஞரையே அழைத்தனர். மலாயாவின் முதல் புகையிரதம் 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் ஓடியது. யாழ்ப்பாணமோ 1905இல்தான் தண்டவாளத்தால் கொழும்போடு முழுமையாக இணைந்தது. ஊரில் புகையிரதத்தையே காணாத பிள்ளை அக்கரையில் நிலைய அதிபரானான் என்பது இதனால்தான். அவனுக்கு மாதச் சம்பளமும் இலாகா விடுதியும் விடுமுறையும் இருந்தன. இறுதியில், சாகும்வரை மாதந்தோறும் வரும் ஓய்வூதியமும் கிடைத்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்களின் கதை வேறு. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்ட பின்னர், தோட்டத்திலிருந்து திரும்பி வந்த கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டிச் செல்லும் முறையே பெருவழியாயிற்று. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, கப்பலில் பினாங்குக்குச் சென்று, தொற்றுத் தடுப்புக் காவலில் நாட்களைக் கழித்து, பிறகு லயன் காம்பராவுக்குள் நுழைந்தார்கள். ஒரு லயனின் வாசலிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரையிலும், அங்கிருந்து தன் வெட்டு மரங்கள் வரையிலும் ஒருவரின் முழு உலகமும் அடங்கியிருந்தது. அந்த நிலத்தின் சொந்தக்காரரே கடைக்கும் கள்ளுக்கடைக்கும் மருந்துக்கொட்டகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பாளராக இருந்தார். 1920களின் பிற்பகுதியில், எளிதில் அணுகக்கூடிய பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. முதுமைக்கு ஓய்வூதியமும் இல்லை. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயாவின் இந்தியர் தொகை 6 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இலங்கைத் தமிழர் அதனருகே வைத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடியளவினரே. சிறு தொகையினர் நகரத்து உத்தியோகத்தில் அமர்வதும் பெருந்தொகையினர் தோட்டத்துக்குள் முடங்குவதும் குடியேற்ற ஆட்சி தன் தேவைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

இந்த இடைவெளியைத் தலைமுறை தலைமுறையாக நீளச் செய்தது பள்ளிக்கூடமே என்பது எனது உறுதியான கருத்து. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ புகையிரத விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாடசாலை நடந்து செல்லும் தூரத்தில் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது, சட்டம் கட்டாயப்படுத்தியதால் நிர்வாகம் நடத்திய தமிழ்ப் பள்ளி. பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஆரம்ப வகுப்புகள். அதற்கு மேல் தமிழில் ஏறிச் செல்லப் படி இருக்கவில்லை. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சராக 1965இல் பொறுப்பேற்ற சி. இராஜரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் றப்பர் தோட்டத்திலேயே வேலை செய்தார். ஆனால் மேற்பார்வை உத்தியோகத்தில் இருந்தார். அதனால் மகனுக்குக் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடமும், பின்னர் சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்விக்கூடமும் எட்டின. அதே தோட்டத்து லயனில் அவரைப்போலவே கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஊரிலிருந்த காணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் றப்பர் விலை விழுந்தபோது உத்தியோகத்தரிலும் பலர் வேலை இழந்தனர். அவர்களுக்குத் திரும்பி வர ஒரு பனங்காணியும் ஒரு தறை நிலமும் தமையனோ தங்கையோ இருந்த வீடும் இருந்தன. தோட்டத் தொழிலாளரோ ஆயிரமாயிரமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் கூலி வெட்டப்பட்டது. திரும்பிய பலருக்குத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ காத்திருந்தது பழைய கடனும் பண்ணையாரின் நிலமுமே.

1957இல் நாடு விடுதலை பெற்றதை அடுத்த ஆண்டுகளிலும் அடி விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பனிகள் பெருந்தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றபோது, அங்கே ‘தோட்டத் துண்டாடல்’ என்று இன்றும் மக்கள் நினைவுகூரும் அந்த விற்பனையில், வேலையோடு வீடும் பள்ளியும் கோயிலும் ஒரே நாளில் கைநழுவின. அதைத் தடுக்கவே 1960இல் இந்தியர் காங்கிரஸ் கட்சித் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சந்தாக்களைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். சிக்கனம் இல்லாத மக்களிடமிருந்து இப்படியொரு சங்கம் எழுந்திருக்க முடியுமா என்று உங்கள் வீட்டாரை நீங்கள் கேட்கலாம்.

இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. மலாயாவுக்கு அனுப்பிய ஆங்கிலப் பாடசாலைகளின் வாசல் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் சமமாக இருத்துவது 1920களின் இறுதியில்கூடப் பெரும் போராட்டமாக இருந்தது. எனவே ‘எம்மவர்’ என்று நாம் பெருமைப்படுவோர் ஊரின் ஒரு பகுதியினர் மட்டுமே. கல்வி மறுக்கப்பட்டவர்கள் மலாயாக் காசில் எழுந்த வீடுகளுக்குக் கல் சுமந்தார்கள்.

கேள்வி: இரு சமூகங்களின் பெண்களுடைய நிலையை எவ்வாறு ஒப்பிடுவீர்கள்?
– ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பதில்: பொருளாதாரத்தில் மட்டும் பார்த்தால் விடை எதிர்பாராத பக்கம் போகும். தோட்டப் பெண் தொடக்கத்திலிருந்தே கூலி உழைப்பாளி. கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு மரத்தடிக்குப் போனார்; ஆணுக்கு நிகரான வேலைக்கும் குறைந்த கூலியே பெற்றார்; அந்தக் கூலியும் பல வீடுகளில் கள்ளுக்கடைக்குப் போனது. யாழ்ப்பாணப் பெண் சீதனத்தோடு மனைவியாகக் கப்பலேறினார். உத்தியோக விடுதியின் சுவர்களுக்குள் மரியாதையோடு வாழ்ந்தாலும், முதல் தலைமுறையில் அவர் கையில் சொந்தச் சம்பாத்தியம் அரிதாகவே இருந்தது. மலாயா மாப்பிள்ளைக்கு ஊரில் ஏறிய சீதன விலையால் போகாதவர்களின் பெண்பிள்ளைகளும் துன்பப்பட்டார்கள். இந்தச் சுமையைப் பற்றி நமது குடும்ப வரலாறுகளில் ஒரு வரி எழுதுவோர்கூடக் குறைவு என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அடுத்த தலைமுறையில் பாதைகள் பிரிந்தன. நகரத்து ஆங்கிலப் பாடசாலை வழியாக யாழ்ப்பாண வழிவந்த பெண்கள் ஆசிரியைகளும் தாதியரும் மருத்துவர்களும் ஆயினர். ஈப்போவில் 1927இல் பிறந்த இராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் அமைத்துச் சம சம்பளத்துக்காகப் போராடினார். தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் படி கிடைக்க மேலும் ஒரு தலைமுறை, சில இடங்களில் இரண்டு தலைமுறை, பிடித்தது.

கேள்வி: மலாயாவில் இந்த இரு தமிழரும் ஒருவரோடொருவர் கலந்து பழகினார்களா?
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: பழகினார்கள், ஆனால் சமமாகப் பழகியது குறைவு. தோட்டத்தில் அவர்கள் சந்தித்த இடம் பெரும்பாலும் அலுவலக மேசையே. மேசைக்கு அப்பால் கிராணி எனப்பட்ட தோட்டக் கிளாக்கர், இப்பால் தொழிலாளி. கிராணிமாரில் மலையாளிகளோடு யாழ்ப்பாணத்தவரும் கணிசமாக இருந்தனர், கூலிப் பதிவில் ஒரு நாளை வெட்டவும் சேர்க்கவும் அவர்களின் பேனாவால் முடிந்தது. குடிக்கணக்கிலும் சங்கங்களிலும் நம்மவர் தம்மை ‘இலங்கைத் தமிழர்’ என்று தனியாகவே பதிந்துகொண்டனர். கோயிலும் அப்படியே: கோலாலம்பூரில் ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோயில் நம்மவரின் சங்கத்தால் நிருவகிக்கப்பட்டது; தோட்டத்து மாரியம்மனோ கம்பனி நிலத்தில் நின்றாள், நிலம் விற்கப்பட்டபோது அவளுக்கும் இடம் கேள்விக்குறியாயிற்று.

யப்பானியர் ஆண்ட ஆண்டுகளில் இந்தச் சுவர் ஓரளவு தாழ்ந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா மரணப் புகையிரதப் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரக் கணக்கில் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அந்த இழப்பின் பெரும்பாரம் லயன் குடும்பங்களின்மீதே விழுந்தது. 1943இல் சிங்கப்பூரில் உருவான, இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலே தோட்டத்துப் பெண்களும், மேலே குறிப்பிட்ட இராசம்மா உட்பட யாழ்ப்பாண வழிவந்த பெண்களும் ஒரே முகாமில் ஒரே சோற்றை உண்டனர். போர் முடிந்தபின் பழைய பிரிவுகள் பெரும்பாலும் திரும்பிவிட்டன.

கேள்வி: எனது பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்தவன். மலாயாக் கதையில் வரும் கிராணியும் தொழிலாளியும் எங்கள் ஊரிலும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது மிகையா?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: மிகையில்லை. உங்கள் முன்னோரும் அதே கங்காணி முறையில், அதே மாவட்டங்களிலிருந்து, மலாயாவுக்குப் பதிலாக இலங்கைக்கு அழைத்து வரப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் எண்ணிக்கையாகப் பங்குபோட்டது. உயிரைக் காத்துக்கொள்ள வன்னிக்கு வந்தவர்களை நாம் காடு வெட்டவும் வயலில் கூலிக்கு நிற்கவும் வரவேற்றோம். காணிக்கும் கோயில் நிருவாகத்துக்கும் சம்பந்தத்துக்கும் அதே மனத்துடன் வரவேற்றோமா என்றால், இல்லையென்றே நான் சொல்வேன். மலாயாவில் வெள்ளைக்காரனின் ஏற்பாட்டைக் காரணம் காட்டலாம். கிளிநொச்சியில் அப்படிக் காட்ட எவரும் இல்லை.

உங்கள் கடிதத்தின் பின்பகுதியில், பெற்றோர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிரிடும் காணிக்கு இன்றுவரை பத்திரம் இல்லை, அதனால் வங்கிக் கடனும் வீட்டுத் திட்டமும் தட்டிப்போயின என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒப்பீட்டின் மிகக் கூர்மையான இடம் அதுவே. என் பார்வையில், உங்கள் பெற்றோருக்கும் மானிப்பாய் வாசகரின் பூட்டனாருக்கும் இடையே உள்ள முதல் வேறுபாடு ஒரு காணி உறுதிப் பத்திரம் மட்டுமே. அரச காணியாயின் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரத்துக்கும், பின்னர் அளிப்புப் பத்திரத்துக்கும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வழியுண்டு. கிராம அலுவலரின் வதிவுச் சான்று, பழைய வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, மின்கட்டணச் சிட்டை, காணியில் நிற்கும் தென்னைகளின் வயதை அறிந்த அயலவரின் கூற்று ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, தனியாகப் போகாமல், அதே வரிசையில் பத்திரமின்றி இருக்கும் மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு காணி நடமாடும் சேவைக்குப் போங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மறுமொழி கிடைத்ததும் இப்பகுதிக்கு எழுதுங்கள். மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தின் பிரதியையும் அனுப்புங்கள்.